குவாரித் தெருவில் உப்பு தீர்ந்த ஈஸ்டர்

1950ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், ரொட்டியின் விலை அரைப் பென்னி ஏறிய அதே வாரத்தில், செப்டம்பர் என்ற குடும்பப் பெயருடைய மக்தலேனாவின் நாக்குக்கு அடியில் ஓர் உப்புக்கல் விளைந்தது. தையல் ஆலையில் சட்டைகளுக்குப் பொத்தான் துளை தைத்துக்கொண்டிருந்தவள், மாலைச் சங்கு ஊதுகையில் வாயில் ஏதோ இடறுவதை உணர்ந்து உள்ளங்கையில் துப்பினாள். பட்டாணி அளவில், நான்கு பக்கமும் சீவிவிட்டதுபோல், உள்ளே ஒளி புகும்படி இருந்தது கல். பல் உடைந்துவிட்டதோ என்று நாக்கால் துழாவிப் பார்த்தாள்; பற்கள் எல்லாம் இருந்தன. இலவச மருத்துவமனையில் வரிசையில் நின்று காட்டியபோது, மருத்துவர் அதைச் சிறுநீரகக் கோளாறு என்று சொல்லி நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார். நாக்குக்கும் சிறுநீரகத்துக்கும் என்ன தொடர்பு என்று மக்தா கேட்கவில்லை. கல் எதனால் விளைந்தது என்று அவளுக்கு அப்போதே தெரிந்திருந்தது.

அன்று காலை ரயில் நிலையத்தில் அவள் தன் தங்கை யூனிஸைப் பார்த்திருந்தாள். வெள்ளைக் கையுறையும் சாம்பல் நிறக் கோட்டும் அணிந்து, வெள்ளையருக்கான பெட்டி வந்து நிற்கும் இடத்தில் யூனிஸ் நின்றாள். கோட்டின் இரண்டாவது பொத்தான் கழன்று நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைச் சொல்ல மக்தா வாயெடுத்தாள். தெருவின் வழக்கம் நினைவுக்கு வந்தது. எடுத்த சொல்லை அப்படியே விழுங்கினாள். யூனிஸ் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரயில் வந்தது. தங்கை முன்பெட்டியில் ஏறினாள், அக்கா பின்பெட்டியில் ஏறினாள்.

வழக்கம் எளிமையானது. கேப் டவுனில் மலைக் குவாரியில் தொடங்கி ரயில் பாதையில் முடியும், கலப்பினத்தார் வாழ்ந்த குவாரித் தெருவில் எவருடைய மகனோ மகளோ, நிறமும் முடியும் இடம்கொடுத்ததால் வெள்ளையராகப் போய்விட்டால், அதைக் ‘கோடு தாண்டுவது’ என்பார்கள். தாண்டியவரைப் பெற்றவர்களும் உடன்பிறந்தவர்களும் அதன்பின் வெளியில் எங்கே கண்டாலும் கூப்பிடக்கூடாது, சிரிக்கக்கூடாது, தலையசைக்கவும் கூடாது. இது பகையால் வந்த வழக்கம் அல்ல. போகிறவருக்கு வீடு தரும் கடைசிச் சீர் அதுதான். அதற்கு முன்பே ஒவ்வொரு வீட்டுச் சுவரும் இதற்காகப் பழகியிருந்தது. வெளுத்த உறவினரின் படங்கள் முன்னறையில் மாட்டப்படும். கறுத்தவர்களின் படங்கள் சமையலறைக்குப் போகும். செப்டம்பர் வீட்டில் யூனிஸ் முன்னறையிலும் மக்தா அடுப்புக்கு மேலும் தொங்கிக்கொண்டிருந்தார்கள். ரயில்வே எழுத்தர் டேவி கெர்பரை யூனிஸ் வெள்ளையர் தேவாலயத்தில் மணந்த நாளில், தாய் ராகேல் முன்னறைப் படத்தைக் கழற்றிப் போர்வைக்குள் வைத்தாள். காலியான ஆணியில் மக்தாவின் படம் ஏறவில்லை. ஆணி காலியாகவே இருந்தது.

மக்தாவின் நாக்கில் விளைந்தது தனிப்பட்ட நோய் அல்ல என்பது சில மாதங்களில் தெரியவந்தது. தெருவில் கோடு தாண்டிய பிள்ளையுள்ள ஒவ்வொரு வீட்டிலும் இப்படி விளைந்த கற்களைச் சேர்த்த ஒரு ஜாடி இருந்தது. தெருவின் மேல்முனையில் இருந்தவர்கள் ஆசிரியர்கள், பியானோ உள்ளவர்கள், ஸ்காட்லாந்துப் பாட்டனாரின் படத்தைச் சட்டமிட்டு மாட்டியவர்கள். கீழ்முனையில் இருந்தவர்கள் ஆலைக்கும் துறைமுகத்துக்கும் போகிறவர்கள். மேல்முனைக்காரர்கள் கீழ்முனைக்காரர்களிடம் ஒரு கோப்பைச் சர்க்கரைகூடக் கடன் வாங்கமாட்டார்கள். அவர்கள் தங்கள் கற்களைத் தொப்பிப் பெட்டிகளில் பஞ்சு வைத்து அடுக்கினார்கள்; தங்கள் கல் வெண்மையானது, கீழ்முனைக் கல் பழுப்பேறியது என்றும் சொல்லிக்கொண்டார்கள். பியானோ கற்பிக்கும் மிஸஸ் ஆரென்ஸேயின் மகன் ஜோகன்னஸ்பர்க்கில் வெள்ளையனாகி வங்கியில் வேலை பார்த்தான். அவன் விடுமுறைக்குக் கேப் டவுன் வந்து கடற்கரையில் அவளைக் கடந்து போன வாரத்தில் மட்டும் அவளுக்கு ஒரு கைப்பிடி விளைந்தது.

அடுத்த ஆண்டு ஈஸ்டருக்கு முந்தின புதன்கிழமை, தெரு முழுக்க மீன் பொரிக்கும் வாசனை எழுந்தது. புனித வெள்ளிக்கு ஸ்னூக் மீனைப் பொரித்து, வெங்காயமும் மஞ்சளும் பிரிஞ்சி இலையும் போட்ட வினிகரில் ஊறவைக்காத வீடு அங்கே கிடையாது. எல்லாரும் ஒரே நாளில் ஊறவைத்ததால் தெருக்கோடிக் கடையில் உப்பு தீர்ந்துபோனது. ராகேல் யோசிக்கவில்லை, மகளின் ஜாடியை எடுத்து அம்மியில் இரண்டு தட்டுத் தட்டிப் பானையில் போட்டாள். வீட்டில் எல்லாரும் உண்டார்கள். வெறும் உப்பாகத்தான் இருந்தது. ஒரு கிண்ணத்தை மட்டும் மூடிக் கட்டி, எல்லாரும் பூட்டா, அதாவது அண்ணன், என்றழைக்கும் மீன் வண்டிக்காரர் தாலிபிடம் கொடுத்தார்கள். கொம்பு ஊதிக்கொண்டு எந்தத் தெருவுக்குள்ளும் போகக்கூடியவர் அவர் ஒருவரே; வெள்ளையர் வீடுகளின் பின்வாசலில் அவரை யாரும் எதுவும் கேட்பதில்லை.

திரும்பி வந்த தாலிப் வண்டியை நிறுத்தி, குதிரையின் வாயில் கொள்ளுப்பையை மாட்டிவிட்டுக் கேட்டார்.

“உன் தங்கச்சிக்குப் புத்தி கலங்கிடுச்சா, மக்தா?”

“ஏன் பூட்டா, என்ன ஆச்சு?”

“பின்வாசல்ல நின்னுகிட்டே ஒரு வாய் போட்டா. அப்படியே தரையில உக்காந்துட்டா. ‘பொத்தானைத் தச்சுட்டேன் சிஸ்ஸி, அன்னிக்கே தச்சுட்டேன்’னு யார்கிட்டயோ சொல்றா. அங்க நானும் குதிரையும்தான் இருக்கோம். எனக்கும் பொத்தானுக்கும் சம்பந்தமில்ல, குதிரைக்கும் இல்ல.”

சிஸ்ஸி என்று யூனிஸ் மக்தாவை மட்டும்தான் அழைப்பாள். ராகேல் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். மக்தா அன்று இரவு உணவின்போது இரண்டு முறை சிரித்தாள். காரணத்தை யாரும் கேட்கவில்லை.

அதன்பின் உப்பின் சட்டத்தைத் தெரு படிப்படியாக அறிந்துகொண்டது. ஓர் ஆண்டு தாலிப் இரண்டு வீட்டுக் கிண்ணங்களை மாற்றிக் கொடுத்துவிட்டார். ஆனாலும் இரு வீட்டாருக்கும் அவரவர் உறவின் குரலே கேட்டது. ஆகவே கல் யார் வாயில் விளைந்தது என்பது ஒரு பொருட்டல்ல, உண்பவர் காதுக்கு யாருடைய பேச்சு பாக்கி என்பதே கணக்கு. கோடு தாண்டாதவர் உண்டால் அது வெறும் உப்பு. தாண்டியவர் உண்டால் விட்டுவந்தவர் பேசுவார். கேட்டவரால் பதில் சொல்லாமல் இருக்க முடியாது. இதன் ஆபத்தை முதலில் கண்டவள் மிஸஸ் ஆரென்ஸே. “முடியில பென்சிலைச் சொருகி, விழுந்தா வெள்ளைன்னு பாக்குறாங்களே, அதுகூடச் சில நேரம் பொய் சொல்லும். இது சொல்லாது. இந்த உப்பு மட்டும் அதிகாரிங்க கையில கிடைச்சா, நம்ம பிள்ளைங்க ஒருத்தனும் மிஞ்சமாட்டான்” என்றாள். அதற்காக அவள் மகனுக்கு ரயில் பார்சலில் மீன் அனுப்புவதை நிறுத்தவில்லை.

ஆண்டுகள் போயின. யூனிஸுக்கு மார்லீன் என்று ஒரு பெண் பிறந்து வெள்ளையர் பள்ளியில் சேர்ந்தது. சட்டங்கள் ஒவ்வொன்றாக வந்தன. பேருந்தின் மேல்தட்டு, கடற்கரையின் கிழக்குப் பாதி, தபால் நிலையத்தின் இடப்பக்கக் கவுன்ட்டர் என ஒவ்வொன்றும் பிரிந்தன. மக்தா வாரம் இரண்டு முறையாவது ரயில் நிலையத்தில் தங்கையைக் கண்டாள், ‘இளைச்சுட்டே’ என்பதையும் ‘குழந்தை உன் ஜாடை’ என்பதையும் விழுங்கினாள், கல்லைத் துப்பினாள், ஜாடியில் போட்டாள். ஒன்றுதான் அவளை அரித்தது. தான் சொல்லை விழுங்கிக்கொண்டு நிற்கும்போது, தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பவளின் தொண்டையில் ஏதாவது அசைகிறதா என்று அவளுக்குத் தெரியவில்லை. கழுவித் துடைத்துத் திரும்பி வரும் கிண்ணத்தில் ஒருமுறைகூட எதுவும் இருந்ததில்லை.

1959 பிப்ரவரியில், தென்கிழக்குக் காற்று கூரைத் தகடுகளைப் பெயர்த்துக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில், ராகேல் இறந்தாள். கடைசியாக அவள் சொன்னது பிரார்த்தனை அல்ல. “பின்கதவைத் தாழ் போடாதே, யூனிஸ் இன்னும் வரல” என்றாள். சவ ஊர்வலம் பெருந்தெருவைக் கடக்கும்போது எதிர் நடைபாதையில், தொப்பிக் கடையின் கண்ணாடிக்கு முன்னால், யூனிஸ் பொருட்களைப் பார்ப்பதுபோல் நின்றாள். கண்ணாடியில் ஊர்வலம் முழுவதும் தெரிந்திருக்கும். மக்தா தாயின் சொல்லை விழுங்கினாள். அன்று விளைந்த கல் கோலிக்குண்டு அளவு இருந்தது. ஈரச் சாம்பல் நிறம். அந்தப் புனித வெள்ளிக்கு மீன் ஊறவைத்தபோது, வேறு எதையும் சேர்க்காமல் அந்த ஒரு கல்லையே தட்டிப் போட்டாள்.

கெர்பர் வீட்டுக்கு அந்தப் புனித வெள்ளிக் காலையில், சொல்லாமல் கொள்ளாமல், டேவியின் தாய் கெர்த்ராய்டா வந்திருந்தாள். உள்நாட்டுப் பண்ணை ஊரிலிருந்து ரயிலேறி வந்தவள். கறுத்த கைகள் பட்ட பாத்திரத்தில் தண்ணீர் குடிக்கமாட்டாள். மருமகளின் மகள் வெயிலில் விளையாடினால் தொப்பி எங்கே என்று கத்துவாள். யூனிஸ் குழந்தைக்குத் தலைவாரிக்கொண்டிருந்த நேரத்தில் பின்வாசலில் கொம்பு ஊதியது. கிழவியே போய் வாங்கினாள். துணியை அவிழ்த்தாள், வாசனை பிடித்தாள், விரலால் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டாள். தாலிப் சொன்னதன்படி, அவள் முகம் உடனே மாறவில்லை. இரண்டாவது துண்டை விழுங்கியபிறகுதான் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சின்னப் பெண் மாதிரி, “வரேன், இதோ வரேன்” என்றாள். பிறகு சுற்றும்முற்றும் பார்த்தாள். பிறகு தாலிபைப் பார்த்தாள். அந்தப் பார்வையைப் பார்த்த உடனே தான் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டதாக அவர் சொன்னார்.

“அந்தக் கெழவியும் தாண்டினவதான், மக்தா. அல்லா சத்தியமா. அம்பது வருஷத்துக்கு முன்னாடி எந்த ஊர் எல்லையில தாண்டினாளோ.”

“அப்போ நல்லதுதானே பூட்டா? வாயைத் திறக்கமாட்டா.”

“நீ ஒண்ணு. பயந்தவதான் மொதல்ல அடுத்தவளைக் கை நீட்டிக் காட்டுவா.”

அப்படியே நடந்தது. கெர்த்ராய்டா கெர்பர் அந்த வாரமே இன வகைப்பாட்டு அலுவலகத்துக்குப் போனாள். தன் மருமகள் வெள்ளைக்காரி அல்ல, கலப்பினத்தாள். கலப்பினத்தார் சமையலறையிலிருந்து அவளுக்கு ஆண்டுதோறும் உணவு வருகிறது. அந்த உணவு பேசுகிறது என்று சத்தியம் செய்து சொன்னாள். மீதி மீனைக் கிண்ணத்தோடு ஒப்படைத்தாள். வினிகரில் ஊறியது கெடாது; அலுவலகத்தார் அதை முத்திரையிட்டு அலமாரியில் வைத்தார்கள். ஜூன் மாதம் விசாரணை. தோற்றால் யூனிஸின் திருமணம் செல்லாது. மார்லீன் மறுநாளே பள்ளியிலிருந்து வெளியேற வேண்டும். டேவி ஒரு வீட்டிலும் யூனிஸ் வேறொரு பகுதியிலும், குழந்தை எந்தப் பக்கம் என்று அதிகாரி சொல்லும் பக்கத்திலும் வாழ வேண்டும். தாலிபுக்கும் மக்தாவுக்கும் சாட்சி சொல்ல அழைப்பு வந்தது.

விசாரணைக்கு முந்தின நாள் மிஸஸ் ஆரென்ஸே, பிறந்ததிலிருந்து முதன்முறையாக, தெருவின் கீழ்முனைக்கு இறங்கி வந்தாள். நாற்காலியைக் கைக்குட்டையால் தட்டிவிட்டு உட்கார்ந்தாள்.

“பொய் சொல்லத் தெரியுமா உனக்கு?”

“தெரியாது, மிஸஸ்.”

“நல்லதாப் போச்சு. அதையே சொல்லு. எதைக் கேட்டாலும் ‘தெரியாது.’ அழுதுடாதே. உங்க பக்கத்து ஆளுங்களுக்கு எதுக்கெடுத்தாலும் கண்ணு தளும்பிடும்.”

“உங்க பக்கத்துல எப்படி மிஸஸ், ஜாடிக்குள்ள அழுவீங்களா?”

மிஸஸ் ஆரென்ஸே கைக்குட்டையை நான்காக மடித்தாள். “தொப்பிப் பெட்டிக்குள்ள” என்றாள். எழுந்து போகும்போது பாவாடையைத் தட்டிவிட மறந்தாள்.

விசாரணை அறையின் சன்னல்கள் மூடியிருந்தன. நீள மேசையின் பின்னால் மூவர்: முன்னாள் நீதிபதியான தலைவர், அவருக்கு வலப்பக்கம் ஒரு பாதிரியார், இடப்பக்கம் அரசுப் பண்ணைகளை மேற்பார்வையிட்டு ஓய்வு பெற்ற ஒருவர். டேவி தொப்பியை முழங்காலில் வைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தான். கெர்த்ராய்டா கறுப்பு உடையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். யூனிஸை எழுந்து நிற்கச் சொன்னார்கள். நகக்கண்களைப் பார்த்தார்கள், இமையைத் திருப்பிப் பார்த்தார்கள், கூந்தலில் பென்சிலைச் செருகித் தலையைக் குலுக்கச் சொன்னார்கள். பென்சில் நழுவித் தரையில் விழுந்து உருண்டது. விழுந்ததால் வெள்ளையர் முடி என்று குறித்துக்கொண்டார்கள்.

தாலிபைக் கேட்டார்கள். தான் மீன் விற்பவன், காசு கொடுத்தவர் எவருக்கும் கிண்ணம் கொண்டுபோகிறவன், கிண்ணத்துக்குச் சொந்தக்காரர் யாரென்று குதிரைக்கே தெரியும், தனக்குத் தெரியாது என்றார். குதிரையைக் கூப்பிட வேண்டுமா என்று பண்ணை மேற்பார்வையாளர் கேலி செய்தார். “கூப்பிடலாம் மெனீர், ஆனா அதுக்கு இந்த வாசல் வழியா வர அனுமதி இருக்கா, பின்வாசலான்னு கேக்கணும்” என்றார் தாலிப். அவரை வெளியே அனுப்பினார்கள்.

பிறகு மக்தாவை நிறுத்தினார்கள். இரண்டு கெஜத்தில் தங்கை. ஒன்பது ஆண்டுகளில் யூனிஸ் இப்போதுதான் அவளை நேராகப் பார்த்தாள். பார்க்கச் சொல்லி உத்தரவிட்டிருந்தார்கள்.

“இந்தப் பெண்மணியை உனக்குத் தெரியுமா?” என்றார் தலைவர்.

“தெரியாது, மெனீர்.”

“நன்றாகப் பார்த்துச் சொல். இவள் உன் சகோதரி என்கிறார்கள்.”

“எனக்குத் தங்கச்சியே கிடையாது, மெனீர்.”

சொல்லி முடிக்கும் முன்பே நாக்குக்கு அடியில் கல் திரளத் தொடங்கியது. எப்போதும் மாலைவரை எடுத்துக்கொள்ளும் காரியம், அன்று மூச்சு விடும் நேரத்தில் நடந்தது. அவள் அதைக் கன்னத்துக்கு ஒதுக்கினாள். கன்னம் உப்பியது. பல் வலியா என்று பாதிரியார் கேட்டார், அவள் தலையசைத்தாள். வாயைத் திறந்தால் கல் மேசையில் விழும், கேள்விகள் பிறக்கும். அதற்குமேல் என்ன கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டுவது என்று முடிவு செய்துகொண்டாள்.

அத்துடன் முடிந்திருக்கும். தலைவர் தாள்களைத் தட்டி அடுக்கத் தொடங்கியிருந்தார். அப்போது கெர்த்ராய்டா எழுந்தாள்.

“சாட்சி வேணுமா? கிண்ணத்தையே கேளுங்க. அது பேசும். அவளைத் தின்னச் சொல்லுங்க. கலப்பு ரத்தம் தின்னா அது பேசும், அவ பதில் சொல்வா. நான் கண்ணால பார்த்தேன்.”

“நீங்கள் உண்டபோது என்ன பேசியது, அம்மா?” என்றார் தலைவர்.

கிழவி உடையின் மடிப்பை இழுத்துவிட்டாள். “யாரையோ கூப்பிட்டது” என்றாள்.

பேசும் மீனைப் பதிவுசெய்ய விதி இல்லை என்றார் பாதிரியார். ஆனால் தலைவர் நாற்பது ஆண்டு நீதிபதியாக இருந்தவர். புகார்தாரர் ஒரு சோதனையைக் கேட்டால் அதைச் செய்து பார்த்துத் தள்ளுவதே முறை என்று நினைப்பவர். முத்திரையை உடைத்தார்கள். மஞ்சளும் வினிகரும் கலந்த வாசனை மூடிய அறையை நிறைத்தது. ஒரு கரண்டி வரவழைக்கப்பட்டது.

மக்தா கரண்டியையே பார்த்தாள். முந்தைய எட்டு ஈஸ்டரிலும் தாலிப் கொண்டுவந்த செய்தி ஒன்றுதான்: முதல் வாயிலேயே யூனிஸ் வாய்விட்டுப் பேசிவிடுகிறாள், அடக்க முடிவதில்லை. இதில் கரைந்திருந்ததோ எல்லாவற்றிலும் பெரிய கல். தாயின் கடைசிச் சொல்லை, இத்தனை பேர் முன்னால், இந்த நிமிடத்தில் யூனிஸ் முதன்முறையாகக் கேட்கப்போகிறாள். கேட்டதும் ‘அம்மா’ என்று ஒரே ஒரு சொல் வந்தாலும் போதும். மார்லீனின் பள்ளிப் பை மறுநாள் வீடு திரும்பிவிடும். மக்தா கத்த நினைத்தாள். கன்னத்தில் கல் இருந்தது.

யூனிஸ் கரண்டியை வாயில் வைத்தாள். மென்றாள். சன்னலுக்கு வெளியே ஒரு பேருந்து மணியடித்துப் போயிற்று. அவள் தொண்டை ஏறி இறங்கியது. கண்கள் சுவரில் மாட்டியிருந்த மகாராணியின் படத்தில் நிலைகுத்தி நின்றன. அவை நிறையவுமில்லை, சிமிட்டவுமில்லை. இன்னொரு முறை தொண்டை ஏறி இறங்கியது. கைப்பையைத் திறந்து கைக்குட்டையை எடுத்து வாயோரம் ஒற்றிக்கொண்டாள்; அதை அப்படியே உருட்டிப் பைக்குள் திரும்ப வைத்தாள்.

“எப்படி இருக்கிறது?” என்றார் தலைவர்.

“உப்பு அதிகம், மெனீர்.”

கெர்த்ராய்டா அலறினாள். மருமகளுக்கு அந்தக் குரல் கேட்டது, நிச்சயம் கேட்டது, நடிக்கிறாள் என்றாள். “நீங்களே தின்னு பாருங்க! உங்களுக்கு ஒண்ணும் கேக்காது, நீங்க சுத்தமானவங்க. அப்பத்தான் வித்தியாசம் தெரியும்!” தலைவருக்குச் சலிப்பாக இருந்தது, மதிய உணவு நேரமும் தாண்டியிருந்தது. மேசையில் கரண்டி கைமாறியது. முதலில் தலைவர், பிறகு பாதிரியார், கடைசியாகப் பண்ணை மேற்பார்வையாளர். மூவரும் மென்றார்கள். மூவரும் மெல்லுவதை ஒரே சமயத்தில் நிறுத்தினார்கள். மேற்பார்வையாளர் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். பாதிரியார் கதவைத் திரும்பிப் பார்த்தார், யாரோ அங்கே நின்று கூப்பிட்டதுபோல். தலைவரின் காது மடல்கள் சிவந்து, பிறகு மெழுகாக வெளுத்தன.

“எனக்கு ஒன்றும் கேட்கவில்லை” என்றார் அவர். அப்போது அவரை யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை.

“எனக்கும்” என்றார் பாதிரியார்.

“சாதாரண மீன்” என்றார் மூன்றாமவர், விரல்களுக்கு இடையிலிருந்து.

புகார் தள்ளுபடி ஆயிற்று. யூனிஸ் கெர்பர் வெள்ளையர் என்று தலைவர் அந்த இடத்திலேயே முத்திரை குத்தினார். கிண்ணத்தை உரியவர்கள் உடனே எடுத்துக்கொண்டு போகவேண்டும், அது இந்தக் கட்டடத்தில் ஒரு நிமிடம்கூட இருக்கக்கூடாது என்றார். டேவி கிண்ணத்தைக் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு மனைவியை முன் படிக்கட்டு வழியாக அழைத்துப்போனான். மக்தா பக்கப் படிக்கட்டில் இறங்கினாள். தெருமுனையில் தாலிபின் வண்டிக்குப் பின்னால் நின்று கல்லைத் துப்பினாள். அது கோழிமுட்டை அளவு இருந்தது. வெளியே எடுக்கும்போது கடைவாய்ப் பல் ஒன்றும் கூடவே வந்தது.

கெர்த்ராய்டா ஊர் திரும்பவில்லை. தன்னைக் கூப்பிட்டவர்கள் வழியில் ஏதாவது நிலையத்தில் நிற்பார்களோ என்ற பயத்தில், மகன் வீட்டுப் பின்னறையிலேயே தங்கிவிட்டாள். அவளும் யூனிஸும் அந்த விசாரணையைப் பற்றி ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை. ஆனால் மறு ஆண்டு புனித வெள்ளியன்று தாலிப் அந்த வீட்டில் கிண்ணத்தைக் கொடுத்தபோது, கிழவி தனக்கென்று ஒரு கிண்ணத்தை நீட்டினாள். “இதுலயும் கொஞ்சம் போடு” என்றாள். அது முதல் கெர்பர் வீட்டுக்கு இரண்டு கிண்ணம் என்று ஆயிற்று. மூன்றாம் ஆண்டில், பாதிரியார் வீட்டுச் சமையல்காரியும் தெருமுனையில் வண்டியை நிறுத்தி, யாருக்கென்று சொல்லாமல் ஒரு கிண்ணம் கேட்டாள்.

பென்னிகள் போய் சென்ட்டுகள் வந்தன. 1966இல் குவாரித் தெருவும் அதை ஒட்டிய தெருக்களும் வெள்ளையர் பகுதி என்று அறிவிக்கப்பட்டன. மேல்முனை, கீழ்முனை என்று லாரிகள் பார்க்கவில்லை. பியானோவும் தையல் இயந்திரமும் ஒரே தார்ப்பாய்க்குக் கீழ் ஏறின. லாரிகள் வந்த வாரத்தில்தான் தாலிப் மக்தாவின் வாசலில் கிண்ணத்தை இறக்கி வைத்தார்.

“மீன்னு நெனச்சுத் தூக்கினேன். இடுப்பு போச்சு. என்னத்தைப் போட்டு வெச்சிருக்கா உன் தங்கச்சி?”

துணியை அவிழ்த்தபோது கிண்ணம் விளிம்புவரை உப்புக்கல்லால் நிறைந்திருந்தது. பட்டாணி அளவு, மொச்சை அளவு, சில வெண்மை, சில பழுப்பு. மேலே, கறையேறிய கைக்குட்டையில் சுற்றி, சாம்பல் நிறத்தில் ஒரு பெரிய கல். விசாரணை அறையில் யூனிஸ் வாயோரம் ஒற்றிய கைக்குட்டை அது என்று மக்தா அடையாளம் கண்டாள். தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றவளின் வாயில் ஒவ்வொரு முறையும் என்ன விளைந்தது என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. பெரிய கல்லை நாக்கில் வைத்துப் பார்த்தாள். கரித்தது. வேறொன்றும் கேட்கவில்லை. அவள் கோடு தாண்டாதவள். தாண்டாதவருக்கு அது வெறும் உப்பு. கிண்ணத்தைக் கட்டித் தையல் இயந்திரத்தின் பெட்டிக்குள் வைத்தாள்.

லாரி ரயில் பாதையைக் கடக்கையில் நான்கு சக்கரங்களும் ஒன்றன்பின் ஒன்றாகத் தூக்கிப்போட்டன. மிஸஸ் ஆரென்ஸே தொப்பிப் பெட்டியை மடியில் அணைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். பாதைக்கு அப்பால் மணல்வெளி. மணல்வெளியில் ஒன்றுபோல் ஒன்றாக நகராட்சி வீடுகள். எந்த வீடு மேல்முனை என்று கேட்டுப் பார்த்தவர்களுக்கு அதிகாரி எண்ணைத்தான் சொன்னார்.

அங்கே முதல் ஈஸ்டர் வந்தபோது கடை எதுவும் இன்னும் வரவில்லை. மக்தா மீனைப் பொரித்து, வெங்காயத்தை வதக்கி, யூனிஸின் பெரிய கல்லை அம்மியில் தட்டிப் போட்டாள். வெள்ளிக்கிழமை மேசையில் உட்கார்ந்து ஒரு துண்டை வாயில் வைத்ததும், பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சொல்வதுபோல, அந்தக் குரல் கேட்டது.

“சிஸ்ஸி, பின்கதவைத் தாழ் போட்டுடாதே.”

“போடல” என்றாள் மக்தா. உப்பு மிக அதிகமாக இருந்தது. அவள் கிண்ணத்தை வழித்து உண்டாள். சுவருக்கு அப்பால் மிஸஸ் ஆரென்ஸே தன் மகனுடன் உரக்கச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். வரிசையில் எல்லா வீட்டிலும் யாரோ யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தாண்டவைக்கப்பட்டவர்களும் தாண்டியவர்களே என்று உப்பு முடிவு செய்துவிட்டிருந்தது.

பின்னாளில் அங்கே கடை வந்தது. ஈஸ்டர் வாரத்தில் மட்டும் கடைக்காரர் உப்பு மூட்டை எடுப்பதில்லை, விற்காது. திருட்டுப் பயம் மிகுந்த பகுதி, ஆனாலும் மக்தலேனா செப்டம்பரின் வீட்டுப் பின்கதவு தாழ் போடப்படவில்லை. தென்கிழக்குக் காற்று அடிக்கும் இரவுகளில் அது திறந்துகொள்ளும், மணல் உள்ளே வரும். காலையில் அவள் பெருக்கித் தள்ளிவிட்டு வேலைக்குப் போவாள்.